வால்வில் படிந்த கரி

"இவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுன்னு நீங்களே சொல்லுங்க!"

மெக்கானிக் பானட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. சொன்னவர் கணவர். தொழில், ஆலோசகர். யாராவது கேட்டால் ஆலோசனை சொல்வார். கேட்காவிட்டால் இன்னும் விரிவாகச் சொல்வார்.

"மஞ்சள் விளக்கு எரியுது. சிக்னல்ல நின்னா வண்டி குளிர்ஜுரம் வந்த மாதிரி உதறுது. மிதிச்சா பின்னாடி கறுப்புப் புகை. எல்லாம் இவ கைவரிசை."

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மார்க்கெட்டுக்கும் மருந்துக் கடைக்கும் மனைவி ஓட்டுவாள். மீதி ஆறு நாளும் ஓட்டுவது அவர். ஆனால் கெடுத்தது அவள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

மனைவி கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாலைக் கல்லூரியில் கணக்கு வகுப்பு எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஏழு மணியிலிருந்து எட்டரை வரை. இன்று பன்னிரண்டு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் ஏழு மாதமாக அத்தை பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். அந்த நேரத்தில்தான் அவரைத் துடைத்து, உடை மாற்றி, சாப்பாடு ஊட்டி, மாத்திரை கொடுக்க வேண்டும். அத்தையின் ஒரே மகனோ, ராத்திரி எட்டரைக்கு முன்னால் வீட்டுப் படி ஏறியதில்லை.

"என்ன யோசனை? முடியாதுன்னு சொல்லிடு. நான் சீக்கிரம் வரலாம்னுதான் பாக்கறேன். வேலை விட்டாத்தானே? வேலை விட்டா டிராஃபிக் விட்டாத்தானே?" என்றார் கணவர்.

"மெக்கானிக் என்ன சொல்றார்னு கேட்டுட்டுப் பேசறேங்க."

மெக்கானிக் ஸ்கேனரைச் செருகித் திரையைப் பார்த்தார். கணவரை ஒருமுறை பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்து, கைப்பிடியளவு ஒரு பாகத்தைக் கழற்றிக் கொண்டுவந்தார். உள்ளே கட்டி கட்டியாகக் கரி.

"இ.ஜி.ஆர். வால்வு சார். புகையில கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள்ளயே அனுப்பும். அப்பத்தான் வெளியே போற நச்சு குறையும். இது கரி பிடிச்சு, மூட முடியாம பாதியில நிக்குது. உதறல், புகை எல்லாம் இதனாலதான்."

"மாத்தணுமா?" என்றாள் மனைவி.

"வேண்டாம் மேடம். ஸ்ப்ரே அடிச்சு, பிரஷ் போட்டுக் கழுவி, புது கேஸ்கட் வெச்சு மாட்டிடறேன். ஆனா ஓட்டற விதத்தை மாத்தலைன்னா திரும்ப அடைச்சுக்கும்."

"கேட்டுக்கோ!" அவருக்கு வாயெல்லாம் பல். "கன்னாபின்னான்னு ஓட்டாதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்."

"ஓட்டறதால இல்ல சார். நல்லா ஓடினா கரி இவ்வளவு சேராது. வண்டியை ஒரே இடத்துல நிறுத்தி, இன்ஜினை மட்டும் ஓட விட்டாத்தான் இப்படி ஆகும்."

"அதேதான்! கடை வாசல்ல ஏசியைப் போட்டுக்கிட்டு அவங்க அக்காகூட அரட்டை."

"நிறுத்தினா சாவியை எடுத்துடுவேன்," என்றாள் மனைவி.

"யாரு பார்த்தா? அந்த ஸ்கேனர்ல எல்லாம் வருமே, எப்போ நின்னது, எவ்வளவு நேரம்னு? படிங்க, சத்தமா படிங்க!"

மெக்கானிக் தயங்கினார். "எதுக்கு சார், கழுவிக் கொடுத்துடறேனே."

"அவளுக்குப் புரிய வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமையைப் படிங்க!"

மெக்கானிக் பெருமூச்சு விட்டார். மனிதர் தன்னால் ஆனதைச் செய்து பார்த்துவிட்டார்.

"ஞாயிறு. ரெண்டு இடத்துல நின்னிருக்கு. ரெண்டு இடத்துலயும் உடனே ஆஃப் பண்ணியிருக்காங்க."

கணவரின் ஆர்வம் சட்டென்று வடிந்தது. "சரி சரி, போதும். வேலையைப் பாருங்க."

"திங்கட்கிழமையையும் படிங்க," என்றாள் மனைவி.

"திங்கள்… சாயங்காலம் ஏழு மணிக்கு நின்னிருக்கு. எட்டரை வரைக்கும் இன்ஜின் ஓடுது, வண்டி நகரலை. அப்புறம் நானூறு மீட்டர் ஓடி ஆஃப் ஆகுது."

"செவ்வாய்?"

"அதேதான் மேடம்." மெக்கானிக் திரையைத் தள்ளிக்கொண்டே போனார். "சனி வரைக்கும் அதேதான். போன மாசமும் அதேதான்."

வீட்டிலிருந்து நானூறு மீட்டரில் பூங்கா இருக்கிறது. நல்ல மர நிழல், நல்ல அமைதி. அங்கே டிராஃபிக் இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

ஆலோசகரிடம் ஆலோசனை தீர்ந்துபோயிருந்தது. காலருக்குள் விரலை விட்டுத் தளர்த்திக்கொண்டார்.

"இல்ல… வேலை முடிஞ்சு வந்து, உடனே அந்த ரூம், அந்த மருந்து வாடை… உள்ளே நுழையறதுக்கு முன்னாடி கொஞ்சம் மூச்சு விட்டுக்கலாம்னு…"

"ஒன்றரை மணி நேரமா?"

"அம்மாவை அப்படிப் பார்க்க முடியலடி."

"எனக்கும் கஷ்டமாத்தாங்க இருந்தது. நான் எந்தப் பூங்காவுல போய் நிக்கறது?"

அவளுக்கு அழுகை வரவில்லை. ஏழு மாதமும் அவர் பசியோடு வருவாரே என்று சாப்பாட்டைச் சூடு பண்ணி வைத்ததை நினைத்துக்கொண்டாள். அவர் அவசரமாக மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். மெக்கானிக் அதைவிட அவசரமாக வால்வின் பக்கம் திரும்பி, ஸ்ப்ரேயை அடிக்க ஆரம்பித்தார்.

மனைவி போனில் எண்ணைத் தட்டினாள்.

"மேடம், வணக்கம். வகுப்பு எடுக்க நாளையிலேருந்து வர்றேன்… ஆமா மேடம், அத்தையைப் பார்த்துக்க ஆள் கிடைச்சுட்டாங்க."

"ஏய், என்னைக் கேக்காம…" என்றார் கணவர்.

அவள் கை காட்டி அவரை நிறுத்தினாள். மறுமுனையில் கல்லூரி முதல்வர் அக்கறையோடு ஏதோ விசாரித்தார்.

"அனுபவம் உண்டான்னு கேக்கறீங்களா? இல்ல மேடம், இந்த வேலைக்குப் புதுசு. ஆனா, அத்தை பெத்த பிள்ளைதான்."