மகாதேவி வீட்டுச் சோடா

“அதை விடுங்கோ தம்பி. வேறை ஏதும் கேளுங்கோ.”

நாலாவது தடவையும் மகாதேவி அதையேதான் சொன்னார். கமெராவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்த கிறிஸ்ரிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

மற்றக் கேள்விகளுக்கெல்லாம் அந்த மனுஷி பட்டுப்பட்டென்று பதில் சொல்லியிருந்தார். வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போன வீட்டில் தேங்காய்ச் சிரட்டையில் தேத்தண்ணி ஊற்றித் தந்தது, சின்ன வயதில் வகுப்பில் கடைசி வாங்கில் தனியே இருத்தியது, ஒன்றையும் ஒளிக்கவில்லை.

ஒரேயொரு கேள்வியில் வந்துதான் வண்டி நின்றுவிட்டது.

“உங்கடை வீட்டுக்கு வந்திட்டு, சாதி பாத்து உங்கடை கோப்பையிலை குடிக்காமல் போன ஆக்கள் ஆர்?”

படத்தின் பெயர் ‘ஒரே கிண்ணம்’. தேவாலயத்தில் ஒரே கிண்ணத்தில் திருவிருந்து இரசம் குடிக்கிறவர்கள், வெளியே வந்ததும் வேறு கோப்பை தேடுகிறார்களே என்று சபையின் முகத்துக்கு நேரே கேட்கிற ஆவணப்படம். சபைக் குழுவில் இரண்டு பேர் இந்த வேலையே வேண்டாம் என்றார்கள். கிறிஸ்ரிதான் மேசையில் அடித்துப் பேசி அனுமதி வாங்கினான். உயிர்த்த ஞாயிறன்று திரையிடுவதாகவும் சொல்லியாயிற்று. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் படத்தில் ஒன்றுமே இல்லை.

“கொஞ்சம் இளைப்பாறுவம்,” என்றான்.

மகாதேவி உள்ளே போய் இரண்டு சோடாப் போத்தல்களைக் கொண்டுவந்து, அவர்கள் கண்முன்னாலேயே மூடியைக் கழற்றி நீட்டினார். சந்திக் கடையில் வாங்கி, வாளித் தண்ணிக்குள் போட்டுக் குளிராக்கி வைத்தது. அவர்கள் கொக்குவிலில் இருந்து வந்த மூன்று நாளும் இதே உபசாரம்தான். தனக்கு மட்டும் ஒரு கோப்பையில் வெறும் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு படியில் இருந்தார்.

“இந்த வெயிலுக்கு அமிர்தமாக்கிடக்கு அக்கா,” என்று அரைப் போத்தலை ஒரே மூச்சில் இறக்கினான் கிறிஸ்ரி. பிறகு கமெராக்காரன் பிரணவனின் காதுக்குள் சொன்னான்: “இதையும் எடுத்து வை. இல்லாத வீட்டிலையும் என்ன உபசாரம் பார். படத்துக்கு வடிவாயிருக்கும்.”

“ஓம் அண்ணை. ஆனா அந்தக் கேள்விக்கு அவ வாய் திறக்கமாட்டா போல.”

“பயம். காலங்காலமாய் ஊறின பயம்.”

சொல்லும்போதே அவனுக்குக் கோபமும் வந்தது. பயந்த சனத்தை வைத்துக்கொண்டு எதை மாற்றுவது? அப்பா இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் இவரைப் பேச வைத்திருப்பார்.

அப்பா என்றால் போதகர் அடைக்கலநாதன். இதே முற்றத்தில் இருபது வருடம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தியவர். போன வருடம் காலமாகிவிட்டார். படத்தை அவருக்குத்தான் சமர்ப்பிக்கப் போகிறான்.

கமெரா திரும்ப ஓடத் தொடங்கியது.

“அக்கா, நீங்கள் ஆரையோ காப்பாத்துறியள்.”

“ஓம் தம்பி.”

மறுக்கக்கூட இல்லை. கிறிஸ்ரிக்குச் சுர்ரென்று ஏறியது.

“நீங்களே உப்பிடி மூடி மறைச்சா, இதெல்லாம் எப்ப மாறுறது? ஆருக்காண்டிப் பயப்பிடுறியள்?”

“பயமில்லைத் தம்பி.”

அவன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். கைத்தொலைபேசியில் ஒரு பழைய படத்தைத் திறந்து நீட்டினான்.

“என்ரை அப்பாவை நினைச்செண்டாலும் சொல்லுங்கோ. கடைசியிலை இந்தப் போட்டோவோடைதான் எங்கடை படம் முடியுது.”

இதே முற்றம். நடுவில் கதிரையில் அப்பா வாய் நிறையச் சிரித்தபடி இருக்கிறார். சுற்றிவரப் பெரியவர்களும் பிள்ளைகளும்.

மகாதேவியின் முகம் மலர்ந்தது. “இந்தா, ரெட்டைப் பின்னலோடை நிக்கிறது நான்தான்.” கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “கமெராவை நிப்பாட்டச் சொல்லுங்கோ,” என்றார்.

பிரணவன் நிறுத்தினான்.

“ஐயாதான் எனக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தந்தவர். நாங்கள் சைவ சமயம், அதை விடச்சொல்லி ஒரு நாளும் நெருக்கினதில்லை. மழையெண்டாலும் சைக்கிளிலை வந்திடுவார். அவரிலை ஒரு குறை சொல்ல எனக்கு வாய் வராது. அதுவும் மகன் நீங்கள் கேக்க, ஊரே பாக்க... வேண்டாம் தம்பி.”

“அப்பாவைப் பற்றி ஆர் அக்கா இப்பக் கேட்டது?”

மகாதேவி படத்தை இரண்டு விரலால் பெருப்பித்து அவனிடமே கொடுத்தார்.

பெரியவர்கள் எல்லோர் கையிலும் தேத்தண்ணிக் கோப்பை. அப்பாவின் கையில் மட்டும் சோடாப் போத்தல்.

எத்தனையோ தரம் பார்த்த படம். இன்றைக்குத்தான் அவன் கண்ணில் அது பட்டது.

“இருபது வரியம் வந்தவர். ஒரு நாளும் எங்கடை கோப்பையிலை வாய் வைக்கேல்லை,” என்றார் மகாதேவி. “அவர் வாற நாளிலை எங்கடை அப்பா சந்திக்கு ஓடிப்போய்ச் சோடா வாங்கிக்கொண்டு வருவார்.”

கிறிஸ்ரிக்கு அப்பாவின் சிரித்த முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. தொலைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்தான்.

“சத்தியமா எனக்கு இது தெரியாது அக்கா. நான் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை.”

மகாதேவி குனிந்து அவன் காலடியில் இருந்த வெறும் போத்தலை எடுத்தார். குரலில் துளி கோபமும் இல்லை.

“ஓம் தம்பி. ஆனா மூண்டு நாளும் நான் சோடாதான் தந்தனான். தேத்தண்ணி இல்லையோ எண்டு நீங்கள் ஒருக்காலும் கேக்கேல்லை.”