அடைத்த மடை

"பார்க்கை யாராவது பள்ளத்துல கட்டுவாங்களாம்மா?" உப்பள முதலாளி சகாதேவன் நக்கலாகச் சிரித்தார். மறுநாள் மாலை அங்கேதான் அவர் மகளுக்கு ரிசப்ஷன்.

பார்க்கைக் கட்டிய இன்ஜினியர் வினோதினி பொறுமையாக விளக்கினாள். "பள்ளமா இருக்கிறதாலதாங்க வேலை செய்யுது. மழை வந்தா சுத்துத் தெருத் தண்ணி எல்லாம் கரையில இருக்கிற இந்த மடை வழியா உள்ளே இறங்கி நிக்கும். அப்புறம் அந்தச் சின்னக் குழாய்ல மெதுவா கழுவெளிச் சதுப்புக்கு வடியும். ரிசப்ஷனை மண்டபத்துல வச்சுக்குங்க."

"எனக்கே மடை பாடமா? வானம் இருட்டினா மடையை அடைச்சு மழைத்தண்ணியை வெளியே நிறுத்துறவன்தான் உப்பளக்காரன். உன் காலேஜ்ல அதைச் சொல்லித்தரலையா?"

அன்றிரவே ஆட்களை விட்டு மடையைக் களிமண்ணால் அடைத்தார். விடிந்ததிலிருந்து பேய்மழை. அது விட்டபோது, பார்க்குக்குள் விழுந்த தண்ணீர் குழாய் வழியே வடிந்து போயிருந்தது.

மாலையில் வினோதினிக்குப் போன் போட்டார். "வந்து பாரும்மா! உன் பள்ளத்துல பொட்டுத் தண்ணி இல்லை. பந்தி நிறைய கூட்டம்!"

கூட்டம் உண்மைதான். ஆனால் ஒரு முகமும் அவருக்குப் பிடிபடவில்லை. பாயும் அடுப்பும் ஆட்டுக்குட்டியுமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யாரும்மா நீங்கள்லாம்? மாப்பிள்ளை வீடா?"

"சுத்துத் தெருதாங்க," என்றாள் அமராவதி, இலையில் கேசரியை வழித்தபடி. "வீட்டுக்குள்ள முட்டியளவு தண்ணி. ஊர்லயே காஞ்ச எடம் இது ஒண்ணுதாங்க. கூப்பிடாத நாங்க வந்துட்டோம். கூப்பிட்ட மாப்பிள்ளை வீட்டு வேன்தான் தெருமுனைத் தண்ணியில நின்னு பார்த்துட்டு, அவங்க ஊர் பிரம்மதேசத்துக்கே திரும்பிடுச்சு."