ஆந்தைக்கு லீவு கிடையாது

வேலை போகப்போகிற மனிதர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார். பார்க்கவே எரிச்சலாக இருந்தது. கரும்பலகை இருந்த இடத்தில், ஒன்பதாம் வகுப்புக் கணக்கு சாருக்குப் பதிலாக வரப்போகும் சாஃப்ட்வேர் சுவரளவு திரையில் மின்னிக்கொண்டிருந்தது. கணக்கு சாரோ தலையே நிமிரவில்லை.

"இதுக்கு லீவு வேண்டாம், நடுவுல டீ கூட வேண்டாம்" என்றார் கம்பெனியிலிருந்து வந்திருந்த டை கட்டிய மனிதர். "பசங்க படத்தைக் கையால இழுத்துப் பாக்கலாம். சந்தேகம் வந்தா டேப்லெட்ல தட்டினாப் போதும். திரை மூலையில உக்காந்திருக்கே ஆந்தை, அது பதில் சொல்லும். உள்ள முழுக்க மெஷின் மூளை சார்!"

பள்ளித் தாளாளர் உருகிப்போனார். "இன்னிக்கு இது நல்லாப் பண்ணிடுச்சுன்னா, நாளையிலேர்ந்து நமக்குக் கணக்கு வாத்தியாரே தேவையில்ல" என்று கணக்கு வாத்தியாரின் காதில் விழும்படியே சொன்னார். நாகரிகம் தெரிந்தவர். முதுகுக்குப் பின்னால் பேசும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

முன் வரிசை ஒல்லிப்பெண் எழுந்து போய், திரையில் இருந்த முக்கோணத்தின் உச்சியை விரலால் பிடித்துக் கீழே இழுத்தாள். இழுத்த இழுப்பில் முக்கோணம் வெறும் கோடாகப் படுத்துவிட்டது. உடனே டேப்லெட்டில் தட்டினாள்: "முக்கோணமே காணோம். இப்பவும் மூணு கோணமும் சேர்ந்து நூத்தி எண்பதா?"

ஆந்தை கண்ணைச் சிமிட்டியது. கொஞ்சம் பொறுத்துத் திரையில் பதில் வந்தது: "நல்லாத்தான் இழுத்திருக்கே. மேல் கோணம் எவ்வளவு விரிஞ்சிருக்கு பாரு. மத்த ரெண்டும் எவ்வளவு சுருங்கிப் போச்சு? இப்ப மூணையும் கூட்டு."

"நூத்தி எண்பது, சைபர், சைபர்... அட, சரியா வருதே!" என்று அவள் துள்ள, வகுப்பே கைதட்டியது. தாளாளருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

தட்டி முடித்துக் கடைசி பெஞ்சுக்குப் போனார். "இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது இப்படிச் சொல்லிக் குடுத்திருக்கீங்களா? இப்பவும் போன்தானா! வேற வேலை தேடுறீங்களாக்கும்?"

"இல்ல சார், வேலைதான் பாத்துட்டிருக்கேன்" என்றார் கணக்கு சார்.

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. வகுப்புல போன் வச்சிருந்தா பிடுங்கணும்னு சட்டம் போட்டது நான். அது உங்களுக்கும்தான்." போனைப் பறித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கணக்கு சார் என்னவோ சொல்ல வந்தார், கேட்கத்தான் ஆளில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் அந்த மனிதரின் முகம் சுருங்கியதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

அடுத்து ஒரு குண்டுப் பையன் தட்டினான்: "ஒரே முக்கோணத்துக்குள்ள ரெண்டு செங்கோணம் ஏன் வரமாட்டேங்குது?"

ஆந்தை கண்ணைச் சிமிட்டியது. 'யோசிக்கிறேன்' என்று ஒரு வரி வந்தது. மறுபடி சிமிட்டியது. மறுபடியும் யோசித்தது.

"நெட் கொஞ்சம் ஸ்லோ" என்றார் டை. ஒயரைப் பிடுங்கிச் செருகினார். திரையை அணைத்துப் போட்டார். கைக்குட்டையால் ஆந்தையின் முகத்தைக்கூடத் துடைத்துப் பார்த்தார்.

"அந்தப் பையனுக்கு நான் வேணா சொல்லட்டுமா சார்?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"நீங்க சும்மா இருங்க! மெஷினே திணறுது, நீங்க என்ன கிழிக்கப்போறீங்க?" என்று சீறினார் தாளாளர்.

வேறு வழியில்லாமல் டை தன் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். "ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்கணும்" என்றார் தாளாளர்.

"மேடம், ஸ்கூல்ல ஆந்தை வாயே திறக்க மாட்டேங்குது! மானம் போகுது!"

"பதறாதீங்க சார்" என்றது ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல். "இன்னொரு லைன்ல கூப்பிட்டு என்னன்னு கேக்கறேன். அப்படியே இருங்க."

தாளாளரின் சட்டைப் பையில் போன் அடித்தது.

அவசரமாக எடுத்துப் பார்த்தார். அவருடைய போன் அல்ல. வகுப்பு முழுவதும் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தது. கணக்கு சார் எழுந்து வந்து, மரியாதையாகக் கையை நீட்டினார்.

"குடுங்க சார், ஆந்தைக்குத்தான் போன்."