தவளைக்கு வைத்த உப்பு

மத்தியான வெயில் ஆய்வுகூட மேசையில் கிடக்கிறது. தட்டில் தவளைக்கால் துடித்துக்கொண்டே இருக்கிறது. நரம்பிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வாசல்களை விரிவுரையாளர் சீவரத்தினம் ஓர் இரசாயனத்தால் அடைத்திருக்கிறார், இனி அதற்கு ஓய்வில்லை. கதவடியில் தாதி அருமைநாயகி வந்து நிற்கிறாள். அகதி முகாமில் வயிற்றோட்டம். பிள்ளைகளுக்குப் பருக்கும் கரைசலில் கலக்கப் பொட்டாசிய உப்புக் கேட்டு நேற்றும் வந்தவள். கொழும்பிலிருந்து சாமான் வராத காலம். தவளை நரம்பை ஊறவைக்கும் நீருக்கும் அதே உப்புத்தான்; ஆய்வு நின்றுவிடுமே என்று, உப்பு முடிந்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். அந்த உப்புக் குப்பி இப்போது தவளைக்குப் பக்கத்தில், பாதி நிறைந்து, மினுங்குகிறது. மறைக்கப் போன அவர் கை நடுவில் நின்றுவிடுகிறது. "முழுக்கக் கொண்டுபோங்கோ, மிஸி." அவள் கடதாசியை விரித்துக் கொஞ்சம் மட்டும் கொட்டுகிறாள். "நேற்று ரெண்டு பிள்ளையள் மோசமாய்க் கிடந்ததுகள், சேர். இண்டைக்கு ஒண்டுதான் உயிரோட இருக்கு. இவ்வளவு காணும்."