நகரும் அம்புக்குறி

“அந்த ஒன்பது இலக்க நம்பரைச் சொல்லும்மா. அதுக்கு எதுக்கு இத்தனை பேச்சு?”

“சொல்ல முடியாதுன்னா விடேன். நான் கடையில குடுத்துப் பாத்துக்கிறேன்.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஷார்ஜாவில் வேலை பார்க்கும் மகன் திலீபன் போட்ட சத்தம் விருதுநகர் ஹவுசிங் போர்டு நான்காவது தெருவரைக்கும் வந்தது. எதிர் வீட்டுப் பாக்கியம், காய்ந்த துணியையே மறுபடி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் லேப்டாப் மூன்று நாளாகச் சண்டித்தனம் செய்தது. திரையில் வரும் எண்ணைச் சொன்னால் போதும், அங்கிருந்தே திறந்து சரிசெய்துவிடுவான்.

அவளுக்கு அதுதான் பயம்.

உள்ளே ஒரு கடிதம் அனுப்பாமல் கிடந்தது.

கம்பத்தில் விதைக்கடை வைத்திருக்கும் சௌந்தரபாண்டியனுக்கு. மனைவியை இழந்தவர். சித்த மருத்துவமனை வரிசையில் பழக்கம். ஏழு மாதமாக மெயில். போன வாரம், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருந்தார்.

அவளுக்கு ஐம்பத்து மூன்று.

பாக்கியத்துக்கு இதில் முக்கால்வாசி தெரியும். மீதியை அவளே சேர்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மகன்தான் ஜெயித்தான்.

எண்ணைச் சொல்வதற்கு முன் அம்மா ஒரு காரியம் செய்தாள். அலமாரியில் ஒன்பது வருஷமாகக் கைபடாமல் கிடந்த அட்டையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை உரித்தாள். லேப்டாப்பின் கேமரா மேல் அழுத்தி ஒட்டினாள்.

கண்ணை அடைத்தாயிற்று. இனி அவனுக்கு என்ன தெரியப்போகிறது?

எண்ணைச் சொன்னாள்.

அம்புக்குறி தானாக நகர்ந்தது.

திறந்து கிடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனது. வடகம் போடும் வீடியோ. வார ராசிபலன். அதற்கடியில் இருந்தது கடிதம்.

அம்புக்குறி நின்றது.

அவன் பார்ப்பது கேமரா வழியாக இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நான்கே வரிக் கடிதம். கடைசி வரி: ‘என் மகன் ஒத்துக்கொள்ள மாட்டான். இத்தோடு நிறுத்திக்கொள்வோம்.’



வெளியே பாக்கியம் கொடியை ஜன்னல் பக்கமாக மாற்றிக் கட்டினாள்.

மூடியைச் சாத்திவிடலாம். கை எழவில்லை.

அந்த வரி கடைசியிலிருந்து அழியத் தொடங்கியது. எழுத்து எழுத்தாக. மொத்தமாகத் துடைக்கத் தெரியாதவன் இல்லை அவன்.

நிறுத்திக்கொள்வோம் போயிற்று. மாட்டான் போயிற்று.

‘என் மகன்’ என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கியது.

அதுவும் போயிற்று.

“சரியாயிருச்சும்மா. இனிமே நீயே பாத்துக்க.”

இணைப்பை அவன்தான் துண்டித்தான்.

மூன்று வரி மிச்சமிருந்தது.

மாசியில் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம். மகன் வந்து ரகளை செய்வான் என்று தெருவே காத்திருந்தது. கல்யாணம் முடிந்ததும் அவள் வீட்டைக் காலி செய்துகொண்டு கம்பத்துக்குப் போய்விட்டாள்.

மாப்பிள்ளை பக்கம் வேனில் எட்டுப் பேர் வந்தார்களாம். பாக்கியம்தான் விசாரித்து வந்து சொன்னாள்.

பெண் வீட்டார் என்று ஒரே ஒருவன். மூன்று நாள் லீவில் வந்திருந்தான்.