ஏப்ரலில் ஏது மலேரியா

ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் ஸெர்போ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, குழந்தைக்கு மலேரியா என்று சொன்னதும், தப்சோபா மடியில் மகள் ரைனத்துவை வைத்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

வாகடூகு நகரில் மழை விட்டு ஆறு மாதமாயிற்று. தெருவெல்லாம் செம்புழுதி. மலேரியா ஆகஸ்டில் வரும், செப்டம்பரில் வரும். ஏப்ரலில் வருவது வெயில் காய்ச்சல்தான் என்பது ஊருக்கே தெரியும். அதற்கு ஒரு இனிப்பு மருந்தை வாங்கிக்கொண்டு பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால், சாயங்காலம் மச்சினன் கல்யாணத்தில் இருக்கலாம் என்பது தப்சோபாவின் கணக்கு.

மைக்ராஸ்கோப்பில் பார்த்த மலேரியாக் கிருமிகளின் ஊதா வளையங்கள் ஸெர்போவின் கண்ணில் இன்னும் நின்றன. எண்ணி மாளவில்லை. இந்த வெயிலில் நாலு மணி நேரம் பஸ்ஸில் போனால் ரைனத்து கல்யாண வீட்டில் கண் திறக்கமாட்டாள். நாலு வயதுக் குழந்தை. இப்போதே தலை நிற்காமல் அப்பன் கையில் சரிந்து கிடந்தது.

மலேரியா எங்கிருந்து வந்தது என்பதும் ஸெர்போவுக்குத் தெரியும். அணைக்கரையில் தப்சோபா கீரைத் தோட்டம் போட்டிருக்கிறான். தண்ணீர் மொள்ள ஏழெட்டுக் குழி வெட்டியிருக்கிறான். ஊர்க் கொசுவெல்லாம் காய்ந்து செத்த பிறகும் அந்தக் குழிகளில் மட்டும் பிரசவம் நிற்கவில்லை. என் தோட்டத்துக்குப் பருவமே கிடையாது என்று அவன் பெருமை வேறு அடித்துக்கொள்வான்.

எல்லாம் சரி, சொல்வது ஸெர்போ. அதுதான் சங்கடம்.

ஸெர்போ ஸாமோ இனம், தப்சோபா மோஸி. இரண்டு இனமும் எதிர்ப்பட்டால் கேலி பேசியே ஆகவேண்டும். மாமன் மச்சான் மாதிரி ஒரு முறை. ஒருவனை ஒருவன் அடிமை என்பான். ஸாமோக்காரனை நாய்க்கறி தின்னி என்று மோஸிக்காரன் கேலி செய்வான். சாவு வீட்டில்கூட விடமாட்டார்கள். கோபித்துக்கொள்பவனுக்குத்தான் அவமானம். பன்னிரண்டு வருஷமாக இவர்கள் இருவரும் அந்த முறையை ஒருநாள் தவறவிட்டதில்லை.

ஸெர்போ பரிசோதனைச் சீட்டைக் காட்டினான். போன ஆகஸ்டில் இதே மாதிரிச் சீட்டில் இவன் ‘கழுதை ரத்தம்’ என்று எழுதிக் கொடுத்த கதையை தப்சோபா பெஞ்சில் காத்திருந்த பெண்களுக்கு விவரமாகச் சொன்னான்.

உள்ளே வந்து மைக்ராஸ்கோப்பில் பார் என்றான் ஸெர்போ. அன்றைக்குப் பார்த்தபோது, தெரிகிற புள்ளியெல்லாம் மோஸிக்காரன் சொன்ன பொய் என்றாயே, இன்றைக்கு எத்தனை பொய் என்று தப்சோபா கேட்டான். சுவரில் ஒட்டியிருந்த மலேரியா வரைபடத்தையும் காட்டினான். அதில் ஏப்ரல் மாதக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அதை வரைந்து ஒட்டியவன் ஸெர்போதான்.

கடைசியில் ஸெர்போ செத்துப்போன தன் அப்பா மேல் சத்தியம் செய்தான்.

“உங்கப்பனும் எங்க வீட்டு அடிமைதானேடா, நாய்த்தலை தின்னி? அவன் மேல பண்ணுன சத்தியம் செல்லுமா?”

பெஞ்சே சிரித்தது. அந்த நேரத்திலும் ஸெர்போவுக்குப் பதிலுக்கு ஒன்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினான். தன் நாக்கின் மேலேயே அவனுக்கு ஆத்திரம் வந்தது.

நர்ஸ் தடுப்பூசி போடப் பக்கத்துப் பேட்டைக்குப் போயிருந்தாள். ஆள் அனுப்பியாயிற்று. அவள் வருவதற்குள் பஸ் போய்விடும். ஸெர்போ கத்தினான். கத்தக் கத்த அவர்களுக்கு இன்னும் ருசித்தது.

தப்சோபா மகளைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். கல்யாண வீட்டில் எலும்பு மிஞ்சினால் உனக்கு எடுத்துவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

ஸெர்போ ஓடிப்போய் வழியை மறித்தான். தொப்பியைக் கழற்றினான். வெயில் கொதிக்கும் புழுதியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலை குனிந்துகொண்டான். மோஸிக்காரர்கள் தங்கள் தலைவன் முன்னால் அப்படித்தான் உட்காருவார்கள். ஒரு ஸாமோக்காரன் அப்படி உட்கார்ந்து அந்தத் தெரு பார்த்ததில்லை.

“ஐயா, கொஞ்சம் நில்லுங்க. புள்ளைய எங்கிட்ட குடுங்க.”

பெஞ்சில் சத்தம் நின்றது.

தப்சோபாவின் சிரிப்பு மட்டும் முகத்தை விட்டுப் போகத் தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்தது.

“எந்திரிடா அடிமை,” என்றான். “எந்திரிச்சு என்னைத் திட்டுடா.”

ஸெர்போ தலை நிமிராமல் இரண்டு கைகளையும் நீட்டினான்.

தப்சோபா மகளைக் கொடுத்துவிட்டு அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டான்.