வெகேட்

"ஓடரை வெகேட் பண்ணிட்டாங்க யோகேஸ்வரன்!" கொழும்பிலிருந்து அவன் வழக்கை நடத்தும் லோயர் ரஸீனா போனில் சொன்னார். குரலில் சிரிப்பு வேறு. அதற்குள் யாரோ கூப்பிட, வைத்துவிட்டார்.

அந்தச் சொல் யோகேஸ்வரனுக்கு நன்றாகத் தெரியும். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யாதவர்கள் தொழிலாளர் லயத்தில் இருக்கக்கூடாது என்று தோட்டத்துக் கிளாக்கர் சுமன் வரும்போதெல்லாம் சொல்வது அதைத்தான். காம்பராவை வெகேட் பண்ணுங்க, வீட்டைக் காலி பண்ணுங்க. கீழ்க்கோர்ட்டும் அப்படியே உத்தரவு போட்டதால்தான் வழக்கு கொழும்புக்குப் போனது.

"தோத்துட்டோம் புள்ள. நம்ம லோயரே சிரிக்கிறாங்க."

அவன் மனைவி அம்மாக்கண்ணு சோற்றை வடித்தாள். அவள் பிறந்ததே அந்தக் காம்பராவில்தான். இனி பூண்டுலோயாவில் தங்கச்சி வீடு. அங்கே ஏற்கெனவே படுக்க இடமில்லை.

லயமே கூடிச் சாமான் தூக்கியது. கட்டில், அலமாரி, டீவி, சாமிப்படங்கள் எல்லாம் தூறலில் வந்து நின்றன. அடைகாத்த கோழி மட்டும் கூடையைத் தூக்கியவனைக் கொத்தியது. அன்றைக்கு எதிர்ப்புத் தெரிவித்தது அது ஒன்றுதான்.

சேதி கேட்டுச் சுமன் பூட்டோடு வந்தார். கோர்ட்டுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தவர்களை அவர் பார்த்ததில்லை. கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டார்.

மறுபடியும் போன் அடித்தது. யோகேஸ்வரன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டான்.

"எல்லாருக்கும் இனிப்புக் குடுத்தீங்களா?" என்றார் ரஸீனா.

"எதுக்கு மேடம்?"

"கீழ்க்கோர்ட் ஓடர் ரத்தாயிருச்சே! கோர்ட்டு பாஷையில வெகேட்னா ரத்து. நீங்க அங்கேயே இருக்கலாம்."

மழை வலுத்தது.

சுமன் தொண்டையைச் செருமினார். "அது சரி. ஆனா ஒங்கள யாரும் வெளியேத்தலையே. நீங்களாத்தானே வெகேட் பண்ணுனீங்க?"

அம்மாக்கண்ணு முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"ஆமாங்க ஐயா, பண்ணுனோம். வெகேட்னா ரத்துன்னு இப்பத்தான சொன்னாங்க? நாங்க வெளிய வந்தது ரத்து. சாவியக் குடுங்க."

சுமன் நனைந்துகொண்டே யோசித்தார். பிறகு அவரே பூட்டைத் திறந்துவிட்டு, கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார்.

மறுமுனையைப் பிடித்தவள் பக்கத்துக் காம்பராக் காளியாயி. போன வருஷம் மலையில் கொழுந்தெடுப்பதை விட்டும் லயத்திலேயே இருப்பவள்.

"பாத்துத் தூக்குடா மகனே," என்றாள் சுமனைப் பெற்றவள்.